அனார்குல் சொன்ன பெயர்

அனார்குல் தன் கணவரின் பெயரை முதன்முதலாக வாய்விட்டுச் சொன்னது ஐம்பது வயது கடந்த பிறகு, ஒரு வெள்ளைக் காருக்குள் கண்ணாடிகளை ஏற்றிவிட்டு உட்கார்ந்து. கணவர் அப்போது வீட்டுக்குள் படுத்திருந்தார். படுத்துச் சில குளிர்காலங்கள் ஆகியிருந்தன.

பெயர் தெரியாமல் இல்லை. கல்யாணமான மூன்றாம் நாளே தெரியும். அதற்கு முன்னால் தெரியாது. அட்பாஷியில் பேருந்துக்கு நின்றிருந்தவளைத் தூக்கிக் காரில் போட்டுக்கொண்டு ஏரிக்கரை ஊரான பலிக்சிக்கு வந்தார்கள். அந்த வீட்டுப் பெண்கள் நாலைந்து பேர் கையைக் காலைப் பிடித்துத் தலையில் வெள்ளை முக்காட்டைக் கட்டினார்கள். யாருக்குக் கட்டுகிறார்கள் என்று அவளுக்குச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. முக்காடு தலையில் ஏறிய பிறகு திரும்பிப் போன பெண்ணை ஊர் என்ன சொல்லும் என்பது தெரிந்திருந்ததால் அவள் இருந்துவிட்டாள். மூன்றாம் நாள், தெமிர்பெக் என்று யாரோ முற்றத்தில் கூப்பிட்டார்கள். அவர் திரும்பினார். இவர்தானா என்று பார்த்துக்கொண்டாள்.

அன்றைக்கே மாமியார் அடுப்படியில் உட்காரவைத்துச் சொன்னார்.

"இந்த வீட்டு ஆம்பளைங்க பேரு உன் வாய்ல வரக்கூடாது. பேரோட ஒட்டின சொல்லும் வரக்கூடாது. புரியுதா?"

"புரியுது அத்தை."

"என் பேரும்தான்."

மாமியாருக்கும் ஒரு பெயர் இருந்தது. அனார்குல் கடைசிவரை அதைச் சொல்லவில்லை. இங்கேயும் மாமியார் என்றே இருக்கட்டும்.

தெமிர் என்றால் இரும்பு. கணவருக்கு வேலை ரயிலில். பெட்டிகளைக் கோர்க்கிற, கழற்றுகிற வேலை. இருப்புப்பாதை என்று ஊரே சொல்வதை அவள் மட்டும் வண்டிப்பாதை என்றாள். இரும்புச் சட்டியைக் கெட்டிச்சட்டி என்றாள். ரயில் நிறுத்துமிடத்தில் டிக்கெட் கொடுக்கிற பெண் கிண்டல் செய்வாள்.

"இந்தக் காலத்துல யாருக்கா இதெல்லாம் பாக்குறாங்க? எங்க வீட்ல நான் அவனைப் பேரு சொல்லித்தான் திட்டறேன்."

"எங்க வீட்ல பாக்குறாங்க. திட்டறதுக்கு எனக்குப் பேரு தேவைப்படலை."

முதல் வருஷம் அவரைக் கூப்பிட அவளிடம் எதுவுமே இல்லை. பக்கத்தில் போய் நிற்பாள். அவரே நிமிர்ந்து பார்த்தால் உண்டு. மகள் பிறந்து பெகிமாய் என்று பெயர் வைத்த பிறகுதான் அவளுக்கு ஒரு சொல் கிடைத்தது. பெகிமாய் அப்பா. 'மாய்' என்பதை நன்றாக இழுத்து, 'அப்பா'வைச் சட்டென்று கீழே போட்டு முடிப்பாள். சோறு எடுத்துக்கொண்டு ரயில் நிறுத்துமிடத்துக்குப் போய், தண்டவாளங்களுக்கு இந்தப் பக்கம் நின்று கூப்பிடுவாள். எஞ்சின் சத்தத்திலும் அவர் தலை திரும்பும். கூட வேலை செய்கிறவர்கள் பெண் குரலில் அதே மாதிரி இழுத்துக் கூப்பிட்டுப் பார்ப்பார்கள். திரும்ப மாட்டார்.

"காது கேக்காதாடா உனக்கு?"

"அவ கூப்பிட்டா கேக்கும்" என்பார்.

அவர் பேசியதில் அவளைப் பற்றிய பேச்சு என்று சொல்லக்கூடியது இது ஒன்றுதான். அதுவும் அவளிடம் சொல்லவில்லை. கேட்டவர்கள் வந்து சொன்னார்கள். தூக்கிக்கொண்டு வந்ததற்கு அவர் ஒரு நாளும் வருத்தம் தெரிவித்ததில்லை. ஒரு நாளும் கை ஓங்கியதும் இல்லை. அவளுடைய அக்கா சோனுன் இந்த இரண்டையும் கூட்டிக் கழித்து, "பரவால்ல, வாழலாம்" என்றாள். அனார்குல் வாழ்ந்தாள்.

ஒரு ஜனவரியில், பனிக்கட்டி பிடித்திருந்த பெட்டிப் படியில் கால் வழுக்கி அவர் விழுந்தார். தலை தண்டவாளத்தில் பட்டது. தலைநகரத்து ஆஸ்பத்திரியில் பல வாரங்கள் கண் மூடிக் கிடந்தார். பிறகு கண் திறந்தது. திறந்ததே தவிர எதையும் பார்க்கவில்லை. விரலைக் காட்டினால் பின்தொடரவில்லை. கையைப் பிடி என்றால் பிடிக்கவில்லை. வயிற்றில் ஒரு குழாய் வைத்து, அதில் எதை ஊற்றலாம், எதை ஊற்றக்கூடாது என்று சொல்லிக்கொடுத்து அனுப்பினார்கள்.

வீட்டிலேயே வெதுவெதுப்பான அறை அவருக்கு. அடுப்பு அங்கேதான். அனார்குல் அவரைப் புரட்டிப் படுக்கவைத்தாள், துடைத்தாள், இறைச்சிச் சாற்றை வடிகட்டிக் குழாயில் விட்டாள். விட்டுக்கொண்டே பேசினாள். அவர் நடமாடிய காலத்தில் பேசியதைவிட அதிகம் பேசினாள். மாஸ்கோவில் முடிதிருத்தும் கடையில் இருக்கும் மகளின் புதுச் சண்டை, பக்கத்து வீட்டுக்காரி கரிமூட்டையை எண்ணெய்த் துணியால் மூடாமல் நனையவிட்டது, ஏரியிலிருந்து அடித்த காற்றில் கூரைத் தகடு பறந்தது. "பெகிமாய் அப்பா, திரும்பிக்கலாமா?" என்று கேட்டுவிட்டு அவளே திருப்புவாள். அவர் கேட்கிறார் என்று அவள் யாரிடமும் சொன்னதில்லை. கேட்கவில்லை என்று நினைத்ததும் இல்லை.

மேரிம் வந்தது அப்போதுதான். தலைநகரத்து ஆஸ்பத்திரியின் இளம் டாக்டர். வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றோடு சேர்ந்து ஆராய்ச்சி. ஊர் ஊராகப் போய், இப்படிப் படுத்திருப்பவர்களைச் சோதிக்கிறாள். ரஷ்ய மொழியில் படித்து வளர்ந்தவள். எங்கள் பேச்சைப் பேசும்போது குளிர்ந்த தண்ணீரில் கால் வைப்பது போல ஒவ்வொரு சொல்லாக வைப்பாள். செருப்பை எங்கே கழற்றுவது என்று கேட்டாள். அனார்குலுக்குப் பிடித்துப்போயிற்று.

"கண்ணைத் திறந்துகிட்டு அசைவில்லாம இருக்கறவங்க எல்லாரும் ஒன்னு இல்லைக்கா" என்றாள் மேரிம். தேநீர்க் கிண்ணத்தை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். "நாலு பேர்ல ஒருத்தருக்கு உள்ள எல்லாம் நடக்குது. காது கேக்குது. சொன்னா புரியுது. கை காலுக்குத்தான் சேதி போய்ச் சேரலை. வெளியில இருந்து பார்த்தா தெரியாது. மூளையில வர்ற அலையைப் பார்த்தா தெரியும். இப்பதான் கொஞ்ச வருஷமா நிச்சயமா சொல்றாங்க."

மாமியார் மூலையில் உட்கார்ந்து ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்தார்.

"இதுக்கு முன்னாடி இருந்த நாலுல ஒருத்தரை எல்லாம் என்ன பண்ணீங்க?"

மேரிம் குனிந்து கிண்ணத்தைப் பார்த்தாள்.

சோதனை எளிது. தலையில் கம்பிகள் தொங்கும் வலைத்தொப்பி. காதில் சில பெயர்கள் ஒலிக்கும். யார் யாரோ பெயர்கள், நடுநடுவே சொந்தப் பெயர். ரொம்ப நெருங்கியவர் குரலில் சொந்தப் பெயர் வந்தால், உள்ளே ஆள் இருக்கும் பட்சத்தில், மூளை துள்ளும். துள்ளினால் அடுத்த சோதனை. அதிலும் தேறினால் தலைநகரத்தில் தனி வார்டு, தினமும் பயிற்சி. அப்படிப் பயிற்சி எடுத்த ஒருவர் கட்டைவிரலை அசைத்து ஆமாம், இல்லை சொல்லப் பழகியிருக்கிறாராம்.

கட்டைவிரல். அனார்குல் அதை மட்டும் பிடித்துக்கொண்டாள்.

"நான் என்ன செய்யணும்?"

"அவர் பேரைச் சொல்லணும்க்கா. நான் பதிவு பண்ணிக்கறேன். அவ்வளவுதான்."

அனார்குல் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துவிட்டாள்.

"அத்தை சொல்லட்டுமே. பெத்தவங்க."

"நான் எந்தப் பெட்டிக்குள்ளயும் பேச மாட்டேன்" என்றார் மாமியார். "அதுவுமில்லாம நான் அவனை எப்பப் பேரு சொன்னேன்? குட்டின்னுதான் கூப்பிடுவேன்."

"கூடவே வாழ்றவங்க குரல்னுதான் திட்டத்துல இருக்கு" என்றாள் மேரிம். "எல்லா நாட்டுலயும் இப்படித்தான் செய்யறோம். ஒரே மாதிரி செஞ்சாதான் ஒப்பிட முடியும்."

"எல்லா நாட்டுலயும் பேரு சொல்லித்தான் கூப்பிடறாங்களா?"

"ஆமாக்கா" என்றாள் மேரிம். அனார்குலின் சிரிப்பையும் கேள்வியையும் வெட்கம் என்று எடுத்துக்கொண்டாள். வெட்கமும்தான்.

மாமியார் காதில் விழாமலிருக்க இருவரும் காருக்குப் போனார்கள். கண்ணாடியை ஏற்றிய பிறகும் அனார்குல் வீட்டு வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். 'தெ' என்றாள். சிரித்தாள். மறுபடி 'தெ' என்றாள். கிணற்றில் எட்டிப் பார்க்கிற பயம் மாதிரி ஒன்று இருந்தது. பல தடவைக்குப் பிறகு, கண்ணை மூடிக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் வருகை எடுக்கிற டீச்சர் போலத் தட்டையாக, ஏற்ற இறக்கம் இல்லாமல் சொல்லி முடித்தாள். தெமிர்பெக். தன் வாயிலிருந்து வந்தது வேறு யாருடைய குரலோ என்று அவளுக்கே தோன்றியது. அதை மேரிமிடம் சொல்லத் தோன்றவில்லை.

"அருமைக்கா. பின்னால சத்தமே இல்லாம சுத்தமா வந்திருக்கு."

தொப்பியை மாட்டி, பசையைத் தடவி, சோதனை முடிய மத்தியானம் ஆனது. கார் போனதும் மாமியார் கேட்டார்.

"காருக்குள்ள என்ன பண்ணின?"

"பேசினேன் அத்தை."

"பேரைச் சொன்னியா?"

அனார்குல் தொப்பியின் பசையைக் கணவரின் முடியிலிருந்து துடைத்துக்கொண்டிருந்தாள்.

"சொல்லிட்ட. இத்தனை வருஷம் கட்டிக் காத்துட்டு ஒரு தொப்பிக்காகச் சொல்லிட்ட. உன் வாய்ல அதைக் கேட்டா அவனுக்கு யாருன்னு தெரியும்? தபால்காரி வந்திருக்கான்னு நினைப்பான்."

சில வாரங்கள் கழித்து மேரிம் போன் செய்தாள். நல்ல பெண். தானே செய்தாள்.

"எதுவும் வரலைக்கா. மன்னிச்சுக்கோங்க. உங்க குரலும் முன்பின் தெரியாத ஒருத்தர் குரலும் அவருக்கு ஒன்னாத்தான் இருக்கு."

"சரி."

"நீங்க நல்லாப் பாத்துக்கறீங்க. படுக்கைப்புண் ஒன்னுகூட இல்லை. நான் அதை எல்லார்கிட்டயும் சொல்றேன்."

"சரிம்மா."

போனை வைத்துவிட்டு அனார்குல் அறைக்குள் போனாள். குழாய்க்கு நேரமாகியிருந்தது. சாற்றை விட்டாள். புரட்டினாள். 'திரும்பிக்கலாமா' என்று கேட்கவில்லை.

பேச்சை நிறுத்த வேண்டும் என்று அவள் முடிவெடுக்கவில்லை. ஒன்னாத்தான் இருக்கு என்ற சொல் மட்டும் உள்ளே கிடந்தது. முன்பின் தெரியாத ஒருத்தியாக இத்தனை நாள் உட்கார்ந்து மகளின் சண்டையையும் கூரைத் தகட்டையும் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள். அது அவளுக்கு அவமானமாக இருந்தது. பேச்சு நின்ற பிறகு வேலை சீக்கிரம் முடிந்தது. கை முன்பைவிட வேகமாக ஓடியது. அறை ரொம்ப அமைதியாக இருந்ததால் ஒரு ரேடியோ கொண்டுவந்து வைத்தாள். அது அவளுக்காக.

அந்த அறையில் அடுப்பு இருந்ததால் கொழுந்தன் சகீன் உருளைக்கிழங்கு மூட்டைகளை அங்கே அடுக்கினான். வெளியே வைத்தால் பனியில் உறைந்து கெட்டுப்போகும். "அண்ணன் ஒன்னும் சொல்ல மாட்டாரு" என்றான். அவன் கெட்டவன் இல்லை. கூப்பிட்ட நேரத்துக்கு வந்து தூக்கிப் பிடிப்பான். குளிர்காலத்தில் வருகிறவர்கள் எல்லாரும் அங்கேயே உட்கார்ந்து தேநீர் குடித்தார்கள். கட்டிலுக்கு இந்தப் பக்கம் ஊர்ப்பேச்சு நடந்தது. யாருக்கு யாரோடு, எந்தப் பெண் வீட்டைவிட்டுப் போனாள், எவன் குடித்துவிட்டு எங்கே கிடந்தான். சில நேரம் அவரைப் பற்றியே நடந்தது.

"எத்தனை நாளைக்கு இப்படி?"

"இதயம் நல்லா இருக்காம். எத்தனை நாளும்."

"பாவம், அனார்குல்."

அனார்குல் மறுக்கவில்லை. அவளே ஒரு சொல்லை மாற்றியிருந்தாள். அவர் என்று சொல்லி வந்தவள், அக்கா சோனுனிடம் போனில் பேசும்போது, 'இதைக் குளிப்பாட்டி விட்டுட்டு வரேன்', 'இது இருக்கறவரைக்கும் எங்க போறது' என்று சொல்ல ஆரம்பித்திருந்தாள். எப்போது மாறியது என்று அவளுக்குத் தெரியாது. அக்காவும் திருத்தவில்லை.

சோதனைக்குப் பிறகு வந்த இரண்டாவது வசந்தத்தில் மாமியார் இறந்தார். காலையில் தேநீருக்கு எழவில்லை.

எங்களிடம் சாவுச் செய்தியை நேராகச் சொல்வது கிடையாது. தூரத்தில் இருக்கும் மகனுக்கு என்றால் பெரியவர்கள் நாலு பேர் சேர்ந்து போவார்கள். உட்காருவார்கள். தேநீர் வாங்கிக் குடிப்பார்கள். பறந்துபோன வேட்டைப் பறவையைப் பற்றி, கரைந்துபோன பனியைப் பற்றிப் பேச்சை எடுப்பார்கள். கேட்கிறவனுக்கு மெல்ல மெல்ல விளங்கி, அவனே அழ ஆரம்பிக்கும்போது தோளைப் பிடித்துக்கொள்வார்கள். மாஸ்கோவில் இருந்த பெகிமாய்க்குக்கூடத் தோழி ஒருத்தியைப் பிடித்து, அவள் தங்கியிருந்த இடத்துக்குப் போய்ச் சொல்லச் சொன்னார்கள். மூத்த மகன் பக்கத்து அறையில் இருந்தார். அவரிடம் யாரும் போகவில்லை.

சாவு விருந்துக்கு எந்தக் குதிரையை அறுப்பது என்று அவர் அறையில்தான் பேசினார்கள். பழுப்புக் குதிரையா, வயதான வெள்ளையா. கிழவி வெள்ளையைத் தனக்கென்று முன்பே சொல்லி வைத்திருந்தார் என்றான் சகீன். உடலை வைக்கிற வட்டக்கூடாரத்தை முற்றத்தில், அவருடைய ஜன்னலுக்கு எதிரே போட்டார்கள். ஆண்கள் வெளியே வரிசையாகக் கோலூன்றி நின்று, வருகிறவர்களைப் பார்த்து "அம்மாவே" என்று குரலெடுத்து அழுதார்கள். வரிசையில் முதல் இடம் மூத்த மகனுடையது. சகீன் அதில் நிற்காமல் இரண்டாவது இடத்தில் நின்றான். முதல் இடம் காலியாக இருந்தது. அது அழகான காரியம் என்று பலர் சொன்னார்கள். ஜன்னலுக்கு உள்ளே திரும்பிப் பார்த்தவர்கள் யாரும் இல்லை. கூடாரத்துக்குள் பெண்கள் சுவரைப் பார்த்து உட்கார்ந்து ஒப்பாரி பாடினார்கள். அனார்குலின் குரல்தான் ஓங்கிக் கேட்டது. முப்பது வருஷமாகச் சொல்லக்கூடாத பெயர்களைச் சொல்லாமலே, ஒரு நாள் முழுக்க அவளால் பாட முடிந்தது.

எல்லாரும் போன மறுநாள், அவருக்குப் படுக்கைவிரிப்பு மாற்றிக்கொண்டிருந்தாள். கழுத்துக்கும் தோளுக்கும் நடுவே போனை இடுக்கியிருந்தாள். மறுமுனையில் சோனுன்.

"எப்படிடி இருக்க?"

"எப்படி இருப்பேன். சாகற அன்னிக்கு முந்தின நாள்கூட நூல் கோர்த்துக் குடுத்தாங்க. திட்டுவாங்க, ஆனா பேசுவாங்க. வீட்ல பேசறதுக்கு ஒரு ஆளு இருந்துச்சு." விரிப்பை உருவினாள். ஒரு கையை அவர் தலைக்கு அடியில் கொடுத்துத் தூக்கினாள். "அத்தைக்குப் பதிலா இது போயிருக்கலாம், அக்கா."

"அப்படிச் சொல்லாதடி."

"சொன்னா என்ன. யாருக்குக் கேக்குது?"

தலையைத் தலையணையில் வைத்தாள். முடியைச் சரிசெய்தாள். இரண்டும் ஒரே நேரத்தில் நடந்தன, பேச்சும் கையும்.

மேரிம் இலையுதிர்காலத்தில் திரும்ப வந்தாள். சொல்லாமல் வந்தாள். தலையில் முக்காடு. வயிறு தெரிய ஆரம்பித்திருந்தது. செருப்பை எங்கே கழற்றுவது என்று கேட்கவில்லை.

"கல்யாணம் ஆயிடுச்சா!"

"மாமியார் வீடு தலாஸ் பக்கம்க்கா. அவரும் டாக்டர்தான். ஆனா வீடு..." சிரித்தாள். பேச்சு இப்போது தடுமாறவில்லை. "முதல் வாரம், அவரைச் சாப்பிடக் கூப்பிடுன்னாங்க. நான் வாசல்ல நின்னு பேரு சொல்லிக் கூப்பிட்டேன். முற்றத்துல இருந்த மாமனார், மாமியார், ஆடு மேய்க்கறவன் வரைக்கும் அப்படியே நின்னுட்டாங்க. மாமியார் மூணு நாள் பேசலை."

"அப்புறம்?"

"அப்புறம் நானும் 'இங்க பாருங்க'தான்." முகம் மாறியது. "ஒரு நாள் அப்படிக் கூப்பிட்டுட்டு இருக்கும்போதுதான் உங்க ஞாபகம் வந்துச்சுக்கா. காருக்குள்ள சிரிச்சீங்களே. நான் அந்தப் பதிவைத் திரும்பப் போட்டுக் கேட்டேன். அது உங்க குரலே இல்லை. நீங்க அவரை எப்படிக் கூப்பிடுவீங்கன்னு நான் கேட்டிருக்கணும்."

"கேக்கலை."

"இல்லை."

அனார்குலும் சொல்லவில்லை. அதை மேரிம் சொல்லிக்காட்டவில்லை. அனார்குலே நினைத்துக்கொண்டாள்.

இந்த முறை அடுப்படியிலேயே பதிவு செய்தார்கள். ஒரே தடவை. இரண்டு வருஷமாகச் சொல்லாத சொல், இருந்தும் இழுக்கிற இடத்தில் தானாக இழுத்து, போடுகிற இடத்தில் தானாக விழுந்தது. தொப்பியை மாட்டினார்கள். திரையில் கோடுகள் ஓடின. அவை எதைச் சொல்கின்றன என்று அனார்குலுக்குத் தெரியாது. அவள் மேரிமின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மேரிம் கையால் வாயைப் பொத்தினாள்.

"அக்கா. துள்ளுது."

அடுத்த சோதனையையும் அப்போதே செய்தாள். ஆமாம் என்றால் வலது கையை மடக்குவதாக நினைக்க வேண்டும். இல்லை என்றால் கால்விரல்களை. நினைத்தால் போதும். உங்களுக்கு மகள் இருக்கிறாளா? கை. நீங்கள் கம்பளி வியாபாரியா? கால். கட்டிலில் எதுவும் அசையவில்லை. கண் எப்போதும் போலக் கூரையைப் பார்த்தபடி இருந்தது. திரையில் மட்டும் ஓர் ஆள் இருந்தார்.

சகீன் கதவோரம் நின்றிருந்தான். யாரையும் பார்க்காமல் உள்ளே வந்து, ஒரு உருளைக்கிழங்கு மூட்டையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனான். திரும்பி வந்து இன்னொன்றைத் தூக்கினான்.

"இப்ப எதுக்கு அதை? இருக்கட்டும் விடு" என்றாள் அனார்குல்.

"இல்லை அண்ணி" என்றான். மூட்டைகள் தீரும்வரை அவன் நிற்கவில்லை. தீர்ந்த பிறகு உள்ளே வரவும் இல்லை.

"ஆரம்பத்துல இருந்தே கேட்டுகிட்டு இருந்தாரா?" அனார்குல் மெதுவாகக் கேட்டாள்.

"அப்படித்தான்க்கா நினைக்கறேன். போன தடவையும் கேட்டிருப்பாரு. யாரோ ஒரு பொம்பளை தன் பேரைச் சொல்றான்னு கேட்டிருப்பாரு." மேரிமுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கன்னம் சிவந்திருந்தது. "நீங்க கேளுங்கக்கா. எதுவேணா கேளுங்க. மூணு நாலு கேள்விதான். அதுக்கு மேல களைச்சிடுவாரு."

அனார்குல் எழுந்து போய் ரேடியோவை நிறுத்தினாள். கதவைச் சாத்தினாள். கட்டிலின் ஓரத்தில், பேசிய காலத்தில் உட்காரும் இடத்தில் உட்கார்ந்தாள்.

"பெகிமாய் அப்பா. அத்தை போனது தெரியுமா?"

மேரிம் திரையைப் பார்த்தாள். "கை. ஆமாங்கறாரு."

அனார்குல் முக்காட்டு நுனியை விரலில் சுற்றினாள்.

"மறுநாள் நான் விரிப்பு மாத்தினேன். போன்ல அக்காகிட்டப் பேசினேன். அது கேட்டுச்சா?"

நேரம் எடுத்தது.

"ஆமாம்" என்றாள் மேரிம். என்ன பேசினீர்கள் என்று கேட்கவில்லை. அனார்குலின் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரைக்குத் திரும்பிக்கொண்டாள்.

"கோவமா?"

கோடுகள் ஓடின. மேரிம் காத்திருந்தாள். இன்னும் காத்திருந்தாள்.

"ஒன்னும் வரலைக்கா."

"ஒன்னும் வரலைன்னா?"

"கையும் இல்லை, காலும் இல்லை. களைப்புதான். கவனத்தை நிறுத்தி வைக்கறது அவங்களுக்குப் பெரிய உழைப்பு. ஆமாங்கற அர்த்தமும் இல்லை, இல்லைங்கற அர்த்தமும் இல்லை."

சாப்பிட்டுவிட்டு மறுபடி கேட்டார்கள். அப்போதும் எதுவும் வரவில்லை. 'மகள் இருக்கிறாளா' என்று மேரிம் சரிபார்க்கக் கேட்டாள். அதற்குக் கை, மங்கலாக, ஆனால் கை. 'கோவமா' என்று அனார்குல் மூன்றாம் தடவை கேட்டாள். கோடுகள் தம்பாட்டுக்கு ஓடின.

மேரிம் தொப்பியைக் கழற்றித் துடைத்துப் பெட்டியில் வைத்தாள். மறுநாள் கரகோல் ஊரில் இன்னொரு வீட்டில் சோதனை. நாட்டில் இந்தப் பெட்டி ஒன்றுதான்.

"அந்த வார்டு?" என்றாள் அனார்குல். "கட்டைவிரல்?"

"அது போன வருஷமே முடிஞ்சிடுச்சுக்கா. வெளிநாட்டுக்காரங்க உதவி நின்னுடுச்சு. திரும்ப ஆரம்பிச்சா முதல்ல உங்களைத்தான் கூப்பிடுவேன்." கொஞ்சம் தயங்கினாள். "இவரைப் பத்தி எழுதப்போறோம். முக்கியமான விஷயம் இது. எல்லா நாட்டுலயும் பேரைச் சொல்லித்தான் சோதிக்கறாங்க. எத்தனை பேரை இப்படி உள்ள ஆள் இல்லைன்னு எழுதித் தள்ளியிருப்போமோ. இனிமே, வீட்ல எப்படிக் கூப்பிடுவீங்கன்னு முதல்ல கேப்பாங்க. உங்களாலதான்."

"எழுது. பேரைப் போடாதே."

"போட மாட்டோம்க்கா. யார் பேரும் வராது."

"நல்லது. எங்க வீட்டு வழக்கம் அதான்."

மேரிம் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றாள். பிறகு அனார்குலின் கையைப் பிடித்துவிட்டுக் காரில் ஏறினாள்.

மாஸ்கோவிலிருந்து பெகிமாய் கூப்பிட்டாள். அப்பா காதில் போனை வைக்கச் சொல்லி நெடுநேரம் அழுதாள். சொன்னதை நினைத்து வருத்தப்பட அவளுக்கு எதுவும் இல்லை. அழ முடிந்தது.

சோனுன் கூப்பிட்டபோது அனார்குல் போனை எடுத்துக்கொண்டு முற்றத்துக்குப் போனாள். இனி எல்லாப் பேச்சும் முற்றத்தில்தான். ஏரியிலிருந்து காற்று அடித்தது. சுவரோரம் உருளைக்கிழங்கு மூட்டைகளைச் சகீன் பழைய கம்பளத்தால் மூடியிருந்தான். இந்த வாரத்துக்குள் உறைந்துவிடும்.

"நெசமாடி? கேக்குதா அவருக்கு?"

"கேக்குது."

"எல்லாமேவா?"

"எல்லாமே."

சோனுனுக்கும் அந்தப் பேச்சு ஞாபகம் இருந்தது.

"நீ... கேட்டியா?"

"கேட்டேன்."

"என்ன சொன்னாரு?"

"ஒன்னும் சொல்லலை."

"ஒன்னும் சொல்லலைன்னா என்னடி அர்த்தம்? கோவம்னா கோவம்னு சொல்லியிருப்பாருல்ல?"

"முன்னாடியும் எனக்கு ஒன்னும் சொன்னதில்லை" என்றாள் அனார்குல். "தூக்கிட்டு வந்தாரே, அப்பவும் சொல்லலை."

போனை மடியில் செருகிக்கொண்டு உள்ளே வந்தாள். வாசற்படியில் நின்றாள். கண்கள் கூரையைப் பார்த்திருந்தன. முன்பெல்லாம் பேசாமல் உள்ளே போய்விட முடிந்தது. தண்டவாளங்களுக்கு இந்தப் பக்கம் நின்று கூப்பிடுவது போலக் கூப்பிட்டாள். திரும்பவில்லை. திரும்ப முடியாது என்பது இப்போது தெரியும். முடிந்தாலும் திரும்புவாரா என்பது தெரியாது.

"நான்தான்" என்றாள். "புரட்டணும்."

ஒரு கையை அவர் தலைக்கு அடியில் கொடுத்தாள்.